பழைய ஜீப்பில் பார்க் லைட் போட்டவுடன் பியூஸ் போகிறது, ஷார்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

தர்மபுரியில் நீங்கள் ஓட்டும் பழைய ஜீப்பில் பார்க் லைட் போட்டால் மட்டும் பியூஸ் போகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் ஷார்ட், அதாவது கரண்ட் வயர் வண்டியின் இரும்பில் படும் இடம், சுவிட்சைத் தாண்டித்தான் இருக்கிறது. தயவுசெய்து 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 30 போடாதீர்கள், செப்புக்கம்பியும் சுற்றாதீர்கள். பியூஸுக்குப் பதிலாக வயர் எரியும்.

அந்த லைனில் உள்ள எல்லா பல்பையும் கழற்றுங்கள். மீட்டர் போர்டு பல்பும் நம்பர் பிளேட் பல்பும் பலருக்கு மறந்துபோகும். பியூஸ் இருந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை இணைத்து சுவிட்சைப் போடுங்கள். பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் உறுதி. அந்த பல்பு 2 ஆம்பியருக்கு மேல் விடாது என்பதால் வயர் சூடாகாது, நிதானமாகத் தேடலாம்.

சரி, இனி கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். எதைப் பிரித்ததும் பல்பு அணைகிறதோ, கோளாறு அதற்கு அப்பால். அப்புறம் ஒருவரை பல்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு வயரை அசைத்துக்கொண்டே போங்கள். மினுக்கினால் அந்த இடம்தான்.

நான் முதலில் பார்ப்பது வயர் தகட்டைத் துளைத்துப் போகும் ஓட்டைகளை. ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்திருந்தால் தகடு வயரை அறுத்துவிடும். அடுத்தது சேசிஸை ஒட்டிப் பின்னால் ஓடும் வயர், துருப்பிடித்த ஹோல்டர். மாந்தோப்பில் நிற்கும் வண்டி என்றால் எலிக்கடியும் இருக்கலாம்.

கிடைத்ததும் டேப்போடு விடாமல், கெட்ட துண்டை வெட்டி அதே கனமுள்ள வயரும் புது ரப்பரும் போடுங்கள். அதுவரை இரவில் தொப்பூர் கணவாய் இறங்க வேண்டாம். பின்னால் வரும் லாரிக்கு உங்கள் வண்டி தெரியாது.