இமை துடித்தால் நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தமா?

மூன்று வாரமாக இடது இமை துடிக்கிறது, உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது, இணையத்தில் தேடினால் ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாக அழியும் நோய்) என்று வந்தது, அதனால் 'நரம்பு மாத்திரை' தினமும் இரண்டு போடுகிறேன் என்கிறீர்கள். நரம்புகள் செத்துக்கொண்டிருக்கின்றனவோ என்பதுதானே பயம்? எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இல்லை.

ஓய்வில் இருக்கும் நரம்புச் செல்லின் உட்புற மின்னழுத்தம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்ததும் அது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தலைகீழாகும். அந்த மாற்றம்தான் நரம்பு நெடுக ஓடுகிறது. நுனிக்கு வந்தபின் மின்சாரம் தசைக்குத் தாவுவதில்லை. அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சிறு இடைவெளியைக் கடந்துபோய்த் தசையைச் சுருங்க வைக்கிறது. தூக்கம் கெட்டு, காபி கூடினால் சில நரம்பிழைகள் மூளை சொல்லாமலே இந்த வேலையைச் செய்யும். இமை துடிப்பது அதனால்தான். தானே அடங்கும். கால் மரப்பது மடக்கி உட்காருவதால். எழுந்து நடந்தால் சரியாகிறதல்லவா, அதை விடுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான்: பலம் குறைகிறதா? நடக்கும்போது முன்பாதம் தரையில் தட்டுகிறதா, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறதா, படியேறக் கைப்பிடி தேவைப்படுகிறதா? இவை புதிதாக வந்தால் தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அதிலும் இரண்டு பாதங்களிலும் தொடங்கும் மதமதப்பு சில நாட்களில் மேலே ஏறி, கால்களும் துவண்டால் அன்றைக்கே, நள்ளிரவானாலும், பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கில்லன் பாரே நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறையைத் தாக்குகிறது. நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓட வேண்டிய சைகை தளர்ந்து, வழியிலேயே நின்றும் போகும். மூச்சுத் தசைகள் வரை போனால் உயிருக்கே ஆபத்து. சீக்கிரம் வந்தால் இம்யுனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தைச் செலுத்தியோ ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை மாற்றியோ பெரும்பாலானவர்களை மீட்டுவிடலாம்.

அப்புறம் அந்த மாத்திரை. பெயரைக்கூட எழுதவில்லை! இவற்றில் பல வைட்டமின் பி6 கலந்தவை. அளவுக்கு மீறி மாதக்கணக்கில் போனால் பி6 உணர்வு நரம்புகளைக் கெடுத்து, நீங்கள் பயப்படுகிற அதே மரத்துப்போதலைக் கொண்டுவரும். இன்றே நிறுத்துங்கள். வைட்டமின் பி12 குறைவு என்று சந்தேகமா? ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவராக இருந்தால் கட்டாயம் செய்யுங்கள். நீங்கள் ஏற்கெனவே போட்ட 'நரம்பு மாத்திரை'யில் பி12 இருந்தால், ரத்தத்தில் அதன் அளவு சரியாக இருப்பதுபோல் காட்டலாம். அதனால் போகும்போது மாத்திரை அட்டையையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.