கேள்வி – பதில்: விண்கல்லும் விரல் எண்ணெயும்

கேள்வி: முர்ச்சிசன் விண்கல்லின் துகள்களை இராமன் நிறமாலைமானியில் (லேசர் பட்டுச் சிதறும் ஒளியை ஆராயும் கருவி) வைத்தால், வரைபடத்தில் பெரிய சரிவுதான் வருகிறது. லேசரின் வலுவைக் கூட்டினால் காபனின் டி, ஜி எனப்படும் இரண்டு உச்சிகள் தெளிவாகின்றன. கூட்டியே அளக்கலாமா?
– இறுதியாண்டு மாணவி, பேராதனை

பதில்: வேண்டாம். அப்போது தெளிவாகத் தெரிவது விண்கல்லின் காபன் அல்ல, நீங்கள் சுட்ட காபன்.

1969 செப்டெம்பர் 28 அன்று அவுஸ்திரேலியாவில் விழுந்த இந்தக் கல், தான் உடைந்து வந்த தாய்ப்பொருளான சிறுகோளில் அதிகம் சூடு காணாதது. அதிலுள்ள சேதனப் பொருளின் பெரும்பங்கு எந்தக் கரைப்பானிலும் கரையாத, ஒழுங்கற்ற பல்பகுதியம். அதனால் 1,350 அலைவெண் (ஒரு சென்ரிமீற்றருக்கு எத்தனை அலை என்ற அளவு) அருகே டி, 1,590 அருகே ஜி இரண்டும் அகலமாக, ஒளிர்வின் சரிவுமேல் உட்கார்ந்திருக்கும். சரிவு கருவியின் பிழையல்ல, கல்லின் இயல்பு. மெக்சிக்கோவில் விழுந்த அயெந்தே விண்கல் போல உள்ளே வெந்த கல்லில் டி ஒடுங்கி உயரும். லேசர் சூடும் காபனை அதே பாதையில்தான் தள்ளுகிறது. வலுவைக் கூட்டினால் முர்ச்சிசன், வெந்த கல்லாக வேடம் போடும்.

532 நனோமீற்றர் லேசர் என்றால், துகளில் விழும் இடத்தில் அரை மில்லிவாற்றுக்கு மேல் போகாதீர்கள். புள்ளி 2–3 மைக்ரோமீற்றர் இருக்கட்டும். முதலில் சிலிக்கனின் 520.5 உச்சியில் கருவியைச் சரிபாருங்கள். பிறகு ஒரே புள்ளியை மூன்று முறை அடுத்தடுத்து அளவிடுங்கள். மூன்றாவதில் டி ஒடுங்கியிருந்தால் வலு இன்னும் அதிகம். சரிவைக் கழிக்கும் எல்லைகளை எல்லாத் துகளுக்கும் ஒன்றாகவே வையுங்கள். ஆளுக்கொரு கோடு போட்டால் டி–ஜி விகிதத்தை ஒப்பிடவே முடியாது. ஒரு துகளை நம்பாமல் பத்துப் பதினைந்து துகள்களையாவது பாருங்கள். பிசினில் பதித்து மெருகேற்றிய துண்டு உதவாது, பிசினுக்கும் 1,600, 2,900 அருகே உச்சிகள் உண்டு.

அடுத்து செங்கீழ்க் கதிர் அளவீட்டுக்குப் போவீர்கள். அங்கே நம் மலையகப் பனிமூட்டமே எதிரி. இந்தக் கல்லின் களிமண் கனிமங்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நீரின் 1,640 உச்சி, காபனின் 1,600ஐ மறைத்துவிடும். வெற்றிடத்தில் 80 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கி, அங்கேயே அளப்பது நல்லது. விரல் எண்ணெய் பட்டால், காபன் சங்கிலியின் நடுப்பகுதிக்குரிய 2,925, 2,850 உச்சிகள் இரண்டும் நுனிக்குரிய 2,960ஐ அமுக்கி எழும், ஏனெனில் எண்ணெயின் சங்கிலிகள் நீளம். கல்லுக்குரியவை குறுகிய, கிளைத்த சங்கிலிகள். 500 பாகையில் சுட்ட குவாட்ஸ் தூளையும் இதே படிகள் வழியாகக் கொண்டுபோய் அளந்து வையுங்கள். அதில் என்ன தெரிகிறதோ, அது உங்கள் ஆய்வுகூடத்தின் அழுக்கு.

கேள்வி: தேயிலை மலையில் கான் வெட்டும்போது கனமான கறுப்புக்கல் கிடைத்தது. காந்தம் ஒட்டுகிறது. சேதனப் பொருள் உள்ள விண்கல்லா?
– வாசகர், ஹட்டன்

பதில்: அநேகமாக இல்லை. காந்தம் ஒட்டும் இரும்புக் கனிமமான மக்னடைட்டு நம் மலைப் பாறைகளிலும் உண்டு. காபன் மிகுந்த விண்கல் கனமாகவும் இராது, பொருபொருவென்றிருக்கும். நம் மழையில் மண்ணுக்குள் நெடுநாள் தாங்காது. உடைந்த விளிம்பில் ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லிய கருகிய தோல் இருக்கிறதா என்று பாருங்கள். என்றாவது விழுந்ததைக் கண்ணெதிரே கண்டால் கழுவாதீர்கள், காந்தம் வைக்காதீர்கள், பொலித்தீனில் சுற்றாதீர்கள். சுத்தமான அலுமினியத் தாளில் எடுத்து, கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடுங்கள்.