எத்தியோப்பியாவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுசென்றது ஐரோப்பிய மிஷனரிகளா?

இல்லை. இன்றைய வட எத்தியோப்பியாவிலும் எரித்ரியாவிலும் பரவியிருந்த அக்சூம் அரசு நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பியக் குருக்கள் அங்கு வந்து சேர்ந்தது ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் கழித்துத்தான். எங்கள் பங்கில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். கிறிஸ்தவம் என்றாலே வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது என்று பிள்ளைகள் சொல்லும்போதெல்லாம் நான் அவர்களுக்குச் சொல்லும் பெயர் புனித ஃப்ருமென்ஷியஸ்.

அவர் இன்றைய லெபனான் கடற்கரையில் உள்ள தீரு நகரத்தைச் சேர்ந்தவர். மெரோப்பியஸ் என்ற தத்துவ அறிஞர், தம் பொறுப்பில் கல்வி கற்றுவந்த ஃப்ருமென்ஷியஸ், ஏடேசியஸ் என்னும் இரு சிறுவர்களோடு கடற்பயணம் மேற்கொண்டார். திரும்பும் வழியில் தண்ணீர் எடுக்கச் செங்கடல் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் கப்பல் நின்றது. ரோமர்களுடன் செய்துகொண்ட உடன்படிக்கை முறிந்திருந்த சமயம் அது. கப்பலில் இருந்தவர்களை அங்கிருந்தவர்கள் வெட்டிக் கொன்றார்கள். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்த இந்த இருவரை மட்டும் இரக்கப்பட்டு உயிரோடு விட்டு, அக்சூம் அரசரிடம் கொண்டுபோனார்கள். இதையெல்லாம் எழுதிவைத்தவர் ரூஃபினஸ் என்ற திருச்சபை வரலாற்றாசிரியர். பிற்காலத்தில் தீருவில் குருவாக இருந்த ஏடேசியஸின் வாய்மொழியாகவே கேட்டதாகக் குறிப்பிடுகிறார். அதனால் இதை வெறும் புனிதர் கதை என்று ஒதுக்கிவிட முடியாது.

அரசர் ஏடேசியஸுக்குப் பானம் பரிமாறும் பணியைத் தந்தார். கூர்மையான அறிவுடைய ஃப்ருமென்ஷியஸிடம் கணக்கையும் ஆவணங்களையும் ஒப்படைத்தார். சாகும் தறுவாயில் இருவருக்கும் விடுதலை கொடுத்தார். ஆனால் இளவரசர் கைக்குழந்தை. பிள்ளை வளரும்வரை ஆட்சிச் சுமையைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று அரசி மன்றாடினார். இருவரும் தங்கிவிட்டார்கள்.

ஃப்ருமென்ஷியஸ் ஆயர், அதாவது பிஷப், ஆன பிறகு செய்ததைவிட, இந்தக் காலத்தில் செய்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். நாட்டின் நிர்வாகம் அவர் கையில் இருந்தது. அப்போது அவர் செய்தது, வணிகத்துக்காக வந்துபோன ரோமர்களுக்குள் கிறிஸ்தவர்கள் யார் என்று தேடிப் பிடித்தது. கூடிச் செபிக்க ஓர் இடம் அமைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களை ஊக்கப்படுத்தினார். கட்ட நிலமும் தேவையான மற்ற உதவிகளும் கொடுத்தார். அப்போது அவர் குருவும் அல்லர், யாரும் அனுப்பி வந்தவரும் அல்லர். கூட்டாளிகளைப் பறிகொடுத்த மண்ணிலேயே அந்த மக்களின் நன்மைக்காக உழைத்த ஒரு பொதுநிலையினர், அவ்வளவுதான். எத்தியோப்பியத் திருச்சபையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இளவரசர் வளர்ந்ததும் ஏடேசியஸ் தாய்தந்தையரைப் பார்க்கத் தீருவுக்கு விரைந்தார். ஃப்ருமென்ஷியஸ் ஊருக்குப் போகவில்லை. நேரே எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குச் சென்று, 328-இல் ஆயர் பொறுப்பேற்றிருந்த அத்தனாசியுஸைச் சந்தித்தார். அக்சூமில் கிறிஸ்தவர்கள் பெருகியிருக்கிறார்கள், தகுதியான ஒருவரை ஆயராக அனுப்புங்கள் என்று கேட்டார். உம்மைவிடத் தகுதியானவர் வேறு யார் என்ற கருத்தில் அத்தனாசியுஸ் பதிலளித்து, அவரையே ஆயராகத் திருநிலைப்படுத்தித் திருப்பி அனுப்பினார்.

அக்சூம் மன்னர் எசானாவின் நாணயங்களைப் பார்த்தால் நடந்த மாற்றம் கண்ணுக்கே தெரியும். முதலில் வெளியானவற்றில் பிறையும் வட்டமும் இருக்கும், பின்னால் வந்தவற்றில் அந்த இடத்தில் சிலுவை. கல்வெட்டுகளும் அப்படித்தான். முந்தையவை அவரை மஹ்ரெம் என்ற போர்த் தெய்வத்தின் மகன் என்கின்றன. எத்தியோப்பியாவின் பழைய மொழியான கீஸில் உள்ள பிந்தைய கல்வெட்டு விண்ணுலகின் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறது. ஒரு கிரேக்கக் கல்வெட்டில் தந்தை, மகன், தூய ஆவி என்று மூவொரு கடவுளின் பெயரே வருகிறது. ஆனால் அரசர் மாறியதாலேயே நாடு முழுவதும் மாறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. எளிய மக்களிடம் இந்த நம்பிக்கை ஆழமாகப் போனதில், பின்னர் வந்த ஒன்பது புனிதர்கள் என்ற துறவிகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று அந்தத் திருச்சபையின் மரபே சொல்கிறது.

ரோமப் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் கிறிஸ்து தந்தைக்கு இணையான கடவுள் அல்லர் என்ற ஆரியுஸ் கொள்கையினரின் பக்கம் நின்றவர். அந்தக் கொள்கையை எதிர்த்த அத்தனாசியுஸை விரட்டிவிட்டு, 356-ஐ ஒட்டி எசானாவுக்கும் அவர் சகோதரர் சசானாவுக்கும் கடிதம் எழுதினார். ஃப்ருமென்ஷியஸை அலெக்சாந்திரியாவுக்கு அனுப்புங்கள், புதிய ஆயர் ஜார்ஜ் அவரை விசாரிக்கட்டும் என்பது அதன் சாரம். கடிதத்தை அத்தனாசியுஸ் தம் நூலில் அப்படியே எடுத்துக்கொடுத்திருப்பதால் நமக்குக் கிடைத்திருக்கிறது. அக்சூம் அதற்குப் பணிந்ததாக எந்தச் சான்றும் இல்லை. எத்தியோப்பியத் திருச்சபை இன்றுவரை, ஆரியுஸ் கொள்கையை மறுத்த 325-இன் நைசேயா சங்கத்தின் விசுவாசத்தில்தான் நிற்கிறது. அங்கே ஃப்ருமென்ஷியஸை அப்பா சலாமா என்றும், ஒளியை வெளிப்படுத்தியவர் என்ற பொருளில் கெசாத்தே பெர்ஹான் என்றும் போற்றுகிறார்கள்.

அவர் வழியாக வந்த அலெக்சாந்திரியா உறவுக்கு ஒரு சங்கடமான பக்கமும் இருந்தது. எத்தியோப்பியாவின் தலைமை ஆயர் எகிப்திலிருந்தே வர வேண்டும் என்பது பல நூற்றாண்டு வழக்கமாக நிலைத்துவிட்டது. அந்நாட்டவரான பசிலியோஸ் தலைமை ஆயரானது 1951-இல்தான். 1959-இல் அவரே அந்தத் திருச்சபையின் முதல் மறைமுதுவரும் (பேட்ரியார்க்) ஆனார். இவ்வளவு காலம் ஒரு மக்கள் தங்கள் மேய்ப்பருக்காக வெளிநாட்டை எதிர்பார்த்து நின்றது எனக்கு வருத்தமளிக்கும் விஷயம்.

இனி ஐரோப்பியர்கள். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர்களும், அவர்களைத் தொடர்ந்து கத்தோலிக்கத் துறவிகளான இயேசு சபையினரும் வந்தார்கள். 1622-இல் பேரரசர் சுசென்யோஸ் கத்தோலிக்க மறையைத் தழுவினார். மக்களின் பழைய மரபை மாற்ற முயன்றதால் கிளர்ச்சிகள் வெடித்து, உயிர்ச்சேதம் ஏற்பட்டது. 1632-இல் அவர் பழைய மரபையே மீண்டும் நிலைநாட்டி, ஆட்சியை மகன் ஃபாசிலிதஸிடம் ஒப்படைத்தார். ஃபாசிலிதஸ் இயேசு சபையினரை நாட்டைவிட்டு வெளியேற்றினார். நானும் கத்தோலிக்கன்தான், ஆனாலும் இதை வகுப்பில் மறைக்காமல் சொல்கிறேன். எத்தியோப்பியர்கள் அப்போது காத்துக்கொண்டது, ஃப்ருமென்ஷியஸ் காலத்திலிருந்தே தங்களுடையதாக இருந்த கிறிஸ்தவத்தை.