பேத்தியா, பேதியா?

கேள்வி: என் பேத்தி 30ஆவது வாரத்திலேயே பிறந்தவள். இப்போது இரண்டு வயது. மருத்துவர் அவளுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறார். இந்த வயதில் எதற்கு? கருவிலேயே எல்லாம் எழுதியாகிவிட்டதா?

பதில்: எழுத்து என்றதும் உங்கள் கையெழுத்துதான் ஞாபகம் வருகிறது. கடிதத்தில் இருப்பது பேத்தியா பேதியா என்று அலுவலகத்தில் இரண்டு கட்சி. 'இரண்டு வயது' என்று அடுத்து வந்ததால் பேத்தி கட்சி ஜெயித்தது. பந்துமுனைப் பேனா வந்த நாளில் கையெழுத்து செத்தது என்பேன் நான். மறுப்பவர் எங்கள் மெய்ப்புத் திருத்துநர். 'பிறந்த எடை'யை ஒருமுறை 'பிறந்த கடை' என்று அச்சேற விட்டவர், அவர் பேச்சை விடுங்கள்.

எழுத்து என்றால் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மருத்துவச்சிகளுடையது. 1911இலிருந்து குழந்தைகளின் பிறப்பு எடையையும் ஒரு வயது எடையையும் பேரேட்டில் பதிந்தார்கள். பல பத்தாண்டு கழித்து மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கர் குழுவினர் அதைப் புரட்டி, குழந்தையாக எடை குறைவாக இருந்த ஆண்கள் பின்னாளில் இதய நோயால் அதிகம் இறந்ததை 1989இல் வெளியிட்டார்கள். உங்கள் கையெழுத்தில் இருந்திருந்தால் மூடி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

சரி, பேத்திக்கு வருவோம். சிறுநீரகம் ஒன்றில் ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் சராசரியாகப் பத்து லட்சம். ஏறக்குறைய 36ஆவது வாரத்தோடு அந்தக் கட்டுமானம் முடிந்துவிடும், அப்புறம் புதிதாக முளைக்காது. முன்பே வந்துவிட்ட குழந்தைக்கு வெளியே சில வாரம் வேலை நடந்தாலும் பெரும்பாலும் அரைகுறைதான். இருக்கிற நெஃப்ரான்கள் கூடுதலாக உழைக்க, உப்பு தேங்கி, அழுத்தம் ஏறலாம். தாயின் புகைப்பழக்கமும் கர்ப்பகால உயர் அழுத்தமும்கூடக் குழந்தையின் கணக்கில் கொஞ்சம் ஏற்றும். கொஞ்சம்தான், முன்சூல்வலிப்பு (கர்ப்பத்தில் அழுத்தம் ஏறி உறுப்புகளையும் பாதிக்கும் நோய்) வந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ரத்த அழுத்தம் சராசரியாகச் சுமார் 2 மி.மீ. பாதரசம் அதிகம். பிறந்தபின் எடை மளமளவென்று ஏறுவதும் சேர்ந்துகொள்ளும் என்பதால், கருவில் எழுதியது பாதிக் கதைதான்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் மூன்று வயதிலிருந்து ஆண்டுதோறும் அழுத்தம் பார்க்கச் சொல்கிறது. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு அதற்கும் முன்னாலேயே. உங்கள் மருத்துவர் செய்வது சரி. கையில் சுற்றும் பட்டை மட்டும் பேத்தியின் கைக்கு ஏற்றதா என்று பாருங்கள். சிறியதாக இருந்தால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். அழும்போது எடுத்த அளவும் செல்லாது. அளவை எனக்கு எழுதுவதானால் எண்ணால் வேண்டாம், எழுத்தால் எழுதுங்கள். 92ஆ 42ஆ என்று இன்னொரு கட்சி இங்கே தாங்காது.