பிரேக் பேட் தேய்ந்தது சரி, டிஸ்க் கெட்டது யார் பொறுப்பு?

கேள்வி: என் கார் 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. வழக்கமான சர்வீஸுக்கு விட்டேன். ஜாப் கார்டில் 'பிரேக் ஓகே' என்று டிக் அடித்துக் கொடுத்தார்கள். 700 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, முன்சக்கரத்தில் இரும்போடு இரும்பு உரசும் சத்தம். வேறு இடத்தில் பிரேக் பேடையும், அது அழுத்திப் பிடிக்கும் இரும்பு வட்டான டிஸ்க்கையும் மாற்றினேன். சர்வீஸ் செய்தவர்களைக் கேட்டால், "பழைய வண்டி சார், தேயத்தான் செய்யும்" என்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. பேட் என்பதே தேய்வதற்கான பொருள்தான். அதன் செலவைக் கேட்காதீர்கள். கேட்டால் டிஸ்க்குக்கான கோரிக்கையும் பலவீனப்படும்.

உங்கள் புகார் தேய்மானம் பற்றியதல்ல. பார்த்ததாக எழுதிக் காசு வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டது பற்றியது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(11)-இன்படி, நஷ்டம் உண்டாக்கும் கவனக்குறைவும் சேவைக் குறைபாடுதான். புது பேட் சுமார் 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டர் மிச்சமிருந்தால்கூட, சாதாரண ஓட்டத்தில் 700 கிலோமீட்டரில் பேடின் பின்னாலுள்ள இரும்புத் தகடு தெரியுமளவு கரையாது. சக்கரத்தைக் கழற்றாமல் வெளிப்பக்க பேடை மட்டும் எட்டிப் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம். பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம் காலிபர்; அது நகர உதவும் பின் (pin) இறுகினால் பெரும்பாலும் உள்பக்க பேட்தான் முதலில் போகும்.

"காலிபர் பின் இறுகியதே சர்வீஸுக்கு அப்புறம்தான்" என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதற்குப் பதில் பழைய பாகங்களில்தான் இருக்கிறது. மாற்றிய இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் இன்றே போய் வாங்குங்கள்: நான்கு பேட், இரண்டு டிஸ்க், அந்தப் பின்னையும் மாற்றியிருந்தால் அதுவும். துருவைத் துடைக்காதீர்கள், பின் எப்போதிலிருந்து இறுகியிருந்தது என்று அது பேசும். பேடின் கனத்தை அளந்து படம் எடுங்கள். மாற்றிய மெக்கானிக்கிடம் பார்த்ததை எழுதி வாங்குங்கள். இரண்டு பில்லிலும் ஓடோமீட்டர் எண் இருக்கிறதா என்று பாருங்கள்; 700 என்ற கணக்கே அதில்தான் நிற்கிறது.

முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். பதில் வராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை (வக்கீலான நானே சொல்கிறேன்). வாடகைக்கு ஓட்டும் கார் என்றால், அதுவே உங்கள் சுயதொழில் பிழைப்பு என்று புகாரில் எழுத மறக்காதீர்கள்.

இன்னொன்று. உரசல் கேட்ட பிறகும் எத்தனை நாள் ஓட்டினீர்கள்? விசாரணையில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். ஓட்டியிருந்தால் டிஸ்க் சேதத்தில் ஒரு பங்கை உங்கள் தலையில் கட்டுவார்கள். அந்தத் தேதியை நோட்டீஸில் நீங்களே எழுதிவிடுங்கள்.