பாஸ்பரஸா ஒளிர்கிறது?

கேள்வி: ஊட்டியில் முதுகலை வேதியியல் படிக்கிறேன். காப்பர் அயோடைடுடன் ட்ரைஃபினைல்பாஸ்பீன் சேர்த்துக் கிடைத்த வெள்ளைப் பொடியில், கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை அடித்தால் நீலப்பச்சையாக ஒளிர்கிறது. பாஸ்பரஸ் இருட்டில் ஒளிரும் என்பார்களே, அதுதான் காரணமா? பொடியைக் கரைத்ததும் ஒளி மங்கிவிட்டதே? எங்கள் தோட்டத்தில் தேயிலைக்கு அடிக்கும் காப்பர் மருந்து மட்டும் ஏன் ஒளிர்வதில்லை?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: இல்லை, அது வேறு, இது வேறு. 1669-இல் ஹென்னிக் பிராண்ட் கண்டுபிடித்த வெள்ளை பாஸ்பரஸ், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஒளிர்கிறது, அது தீர்ந்தால் ஒளியும் தீர்ந்தது. உங்கள் பொடியில் எதுவும் தீர்வதில்லை. டார்ச்சை அணைத்தால் கண்ணுக்கு உடனே இருட்டு, மறுபடி அடித்தால் மறுபடி ஒளி.

இங்கே நாயகன் +1 நிலையில், அதாவது ஓர் எலக்ட்ரானை இழந்த நிலையில் இருக்கும் காப்பர். புற ஊதா பட்டதும் காப்பரும் அயோடினும் இருக்கும் பக்கத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் பாஸ்பீனின் பென்சீன் வளையத்துக்குத் தாவுகிறது, அந்தக் கணத்தில் காப்பர் கிட்டத்தட்ட +2 ஆகிவிடுகிறது, +2 காப்பருக்கோ தட்டையாகப் படுக்கத்தான் பிடிக்கும். படுத்துவிட்டால் ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். படுக்க விடாமல் தடுப்பது பாஸ்பரஸில் ஒட்டியிருக்கும் மூன்று பருத்த வளையங்கள்தான். சீசன் சமயத்தில் மேட்டுப்பாளையத்தில் ஊட்டி பஸ் ஏறியிருப்பீர்களே, கொண்டை ஊசி வளைவில் சாய நினைத்தாலும் சாய இடமிருக்காது, அதே நெரிசல். ஒளிர்வது பாஸ்பரஸ் இல்லை, ஆனால் அந்த ஈனி (காப்பரோடு ஒட்டியிருக்கும் பாஸ்பீன்) இல்லாமல் இந்த ஒளியும் இல்லை.

கரைத்தால் பஸ் காலியான மாதிரி. மூலக்கூறு இஷ்டத்துக்கு நெளியும், ஈனி கழன்றும் போகும், கரைந்திருக்கும் ஆக்சிஜன் வேறு மிச்ச ஆற்றலைப் பறித்துக்கொள்ளும்.

கொப்புள நோய்க்கு அடிக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு ஆரம்பத்திலிருந்தே +2. அதன் டி ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான்கள் குடியிருக்கும் ஒரு வகை இடம்) ஓர் எலக்ட்ரான் குறைவு, வாங்கிய ஆற்றல் அந்தக் காலியிடத்தின் வழியாகவே வெப்பமாக இறங்கிவிடும்.

ஓஎல்இடி திரைகளுக்கு அரிதான, விலை அதிகமான இரிடியம் சேர்மங்களை நம்பியிருக்கும் நிலையில், இந்தக் காப்பர் பாஸ்பீன் சேர்மங்களை ஆராய்வது எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

அப்புறம் ஒன்று. பாஸ்பீனுக்குப் பதில் பிரிடின் சேர்த்து, நான்கு காப்பரும் நான்கு அயோடினும் கொத்தாக இருக்கும் சேர்மத்தைச் செய்து பாருங்கள் (நாற்றம் பயங்கரம், ஆய்வகத்தில் புகையை உறிஞ்சும் கூண்டுக்குள்தான்). அறை வெப்பத்தில் மஞ்சளாக ஒளிரும். ஊட்டி உறைபனியெல்லாம் இதற்குப் போதாது. திரவ நைட்ரஜனில், -196 டிகிரியில் குப்பியை முக்கினால் கண்ணெதிரே ஊதா கலந்த நீலமாகும், வெளியே எடுத்து வைத்தால் சூடேற ஏற மஞ்சள் மெல்லத் திரும்பி வரும்.