‘அடி’க்கு எத்தனை அர்த்தம்?

கேள்வி: தமிழ் கற்கும் என் நண்பர் ‘சைட் அடிச்சான்’, ‘போர் அடிக்குது’ என்பதையெல்லாம் கேட்டுக் குழம்புகிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: ‘அடி’க்கு முன்னால் நிற்கும் சொல்லைக் கவனிக்கச் சொல்லுங்கள். கட் அடித்தால் வகுப்புக்கு மட்டம், ஜால்ரா அடித்தால் துதி, பல்டி அடித்தால் பேச்சு மாறுவது. சைட் அடிப்பது ரசித்துப் பார்ப்பது. பார்க்கப்படுபவருக்கு அது பிடிக்காமல் போகலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வெயில், லக், போர் எல்லாம் தாமே அடிப்பவை. ‘எனக்கு போர் அடிக்குது’ என்பதே சரி. ‘நான் போர் அடிக்கிறேன்’ என்றால் மற்றவர்களைச் சலிக்கவைக்கிறேன் என்றாகிவிடும்.

பலரும் சறுக்குவது வேற்றுமை உருபில்தான். ‘அவனுக்கு அடிச்சேன்’ என்றால் போன் செய்தது. ‘போன்’ என்ற சொல் பேச்சில் உதிர்ந்துவிடும். ‘அவனை அடிச்சேன்’ என்றால் கைகலப்பு. ‘கண்ணடித்தான்’ சிமிட்டல், ‘கண்ணில் அடித்தான்’ காயம்.

இருப்பதிலேயே சிக்கலானது ‘தண்ணி அடி’. ‘ரெண்டு குடம் தண்ணி அடி’ என்றால் அடிபம்பு. அளவு சொல்லாமல் ‘தண்ணி அடிச்சிருக்கான்’ என்றால் மது. பெரியவர்களிடம் பேசும்போது குடத்தையும் சேர்த்தே சொல்லட்டும்.